அத்தியாத் சொன்ன ஒரே ஒரு பாராட்டு

எங்கள் ஷுப்ரா பேட்டையில் எலுமிச்சை ஊறுகாய் வேண்டுமென்றால் அத்தியாத்தின் கடைக்குத்தான் போக வேண்டும். ஊறுகாயைக் கொஞ்சமாகத்தான் போடுவாள். கூடவே முந்தின நாள் டிவியில் பார்த்ததைப் பற்றிய அபிப்பிராயத்தை அள்ளி அள்ளிக் கொடுப்பாள். அது இலவசம். வேண்டாம் என்று சொன்னவர்கள் யாரும் அந்தக் கடையில் நல்ல எலுமிச்சையைப் பார்த்ததில்லை.

அவள் வாய்க்குத் தப்பிய நடிகன் எகிப்தில் பிறக்கவில்லை. ஆண்கள் பெண் வேஷம் கட்டிக்கொண்டு குதித்தால் சிரிப்பு வரும் என்று நினைக்கிறவனைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. தூங்கி எழும்போதே கண்மையும் உதட்டுச் சாயமுமாக எழுகிற கதாநாயகி, படம் முழுக்கச் சண்டை போட்டும் ஒரு மயிர் கலையாத போலீஸ் அதிகாரி, எல்லாருக்கும் ஒரே தட்டில்தான் பரிமாறுவாள். டிவியில் மாதம் முழுக்கப் புதுத் தொடர்கள் ஓடுகிற ரமலான் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "முதல் வாரமே கதை தீந்துபோச்சு. மிச்ச நாளைக்கு ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாத்துட்டு நிக்கிறான். பெருநாள் பிறை தெரிஞ்சாத்தான் வாயத் திறப்பான்போல" என்பாள். இத்தனையும் சொல்லிவிட்டு மறுநாளும் முதல் ஆளாக டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள். நோன்பைக்கூட ஒரு நாள் விட்டாலும் விடுவாள், காமெடித் தொடரை விடமாட்டாள்.

அவள் ஒரு நடிகனைப் பாராட்டியது ஒரே ஒரு முறைதான். பக்கத்துத் தெருவில் ஒரு வயதான காமெடி நடிகர் இறந்துபோனார். துக்கப் பந்தலில் அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர் நடிப்பு நல்லா இருந்துச்சும்மா" என்றாள். கூட்டமே திடுக்கிட்டது. அதே மனிதரை வருஷக்கணக்காக ஊறுகாயோடு சேர்த்து ஊறப்போட்டவள் அவள். வீட்டுக்கு வரும் வழியில் கணவன் ஷஹாத்தா கேட்டபோது, "செத்தவர்கிட்ட என்ன சண்டை? இனிமே திருத்திக்கவா போறாரு?" என்று சொல்லிவிட்டாள்.

இந்த ஷஹாத்தா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் அவரைக் கேட்டால் நடிகர் என்றுதான் சொல்லுவார். லீவு நாளெல்லாம் படப்பிடிப்பில் போய் நிற்பார். கல்யாணக் காட்சியில் கை தட்டியிருக்கிறார், சந்தைக் காட்சியில் ஓடியிருக்கிறார், சண்டைப் படங்களில் எத்தனையோ தடவை செத்திருக்கிறார். படம் டிவியில் வரும்போது, "அதோ, அந்த முழங்கை என்னுது" என்று காட்டுவார். அத்தியாத் பார்ப்பாள். குறை ஒன்றும் சொல்லமாட்டாள். "கூட்டத்தைப் பத்தி என்னத்தச் சொல்றது?" என்பாள். அவர் முதலில் டிவியைக்கூடப் பார்ப்பதில்லை, அவள் முகத்தைத்தான் பார்ப்பார். பாவம் மனிதர்.

இந்த ரமலானில் அவருக்கு அடித்தது யோகம். 'லிஃப்ட் வேலை செய்யாது' என்ற காமெடித் தொடரில் லிஃப்ட் ரிப்பேர்க்காரர் வேஷம், சொந்தமாக ஒரு வசனம். "லிஃப்ட்டுல ஒரு குறையும் இல்ல. கட்டடம்தான் ஒசரம் ஜாஸ்தி." அவ்வளவுதான். அதைக் குளியலறையில் சொன்னார், மாடிப்படியில் சொன்னார், பூனையிடமும் சொன்னார். சுவருக்கு இந்தப் பக்கம் அத்தியாத் கேட்டுக்கொண்டிருந்தாள். மனிதர் சொல்லச் சொல்ல அந்த ஜோக் செத்துக்கொண்டே வந்தது.

முடிவெட்டுகிற ஃபிக்ரி கடைக்கு வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னான், "அக்கா, உங்க வாயி எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை மட்டும் அதைக் கொஞ்சம் கட்டி வையுங்க. அவர் தாங்கமாட்டாரு." அவளுக்குக் கோபம் வரவில்லை. சரி என்று தலையாட்டினாள். கட்டின புருஷனுக்காக ஒரு பொய் சொன்னால் குறைந்தா போய்விடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்தக் காட்சி வருகிற அன்று நோன்பு திறந்து, பருப்பு சூப் கிண்ணங்களோடு அக்கம்பக்கமெல்லாம் அவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. ஷஹாத்தா திரையில் வந்தார். வசனத்தைச் சொன்னார். போனார். யாரும் சிரிக்கவில்லை. எல்லாத் தலைகளும் அத்தியாத் பக்கம் திரும்பின.

"நல்லா இருந்துச்சு" என்றாள் அவள்.

ஃபிக்ரி நிம்மதியாக மூச்சு விட்டான். ஷஹாத்தா மட்டும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"நான் இன்னும் சாகலியே, அத்தியாத்து" என்றார்.

எழுந்து பால்கனிக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கூடத்தில் யாருக்கும் சூப் இறங்கவில்லை. இத்தனை வருஷம் இந்த மனிதர் தன் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் காத்திருந்தது பாராட்டுக்காக இல்லை என்று அப்போதுதான் அத்தியாத்துக்கு உறைத்தது. நட்சத்திரங்களுக்கெல்லாம் அவள் வாரி வழங்கிய வசவில் தனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்றுதான் மனிதர் ஏங்கியிருக்கிறார்.

அவள் எழுந்தாள். முக்காட்டு நுனியில் கை துடைக்கிற பாவனையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏய்யா, அது வசனமா? அடுத்த ஸ்டாப்பு பேரைக் கூவுற மாதிரி கூவுற. லிஃப்ட்டுன்னு சொல்லிட்டு ஒரு மூச்சு விட்டுட்டுல்ல கட்டடத்துக்கு வரணும்? பின்னாடி பஸ்ஸு துரத்துதா? போதாததுக்கு நடுவுல மீசையச் சொறியிற."

பால்கனியில் நின்ற முதுகு மெல்லத் திரும்பியது.

"மீசையா? நான் எப்பச் சொறிஞ்சேன்?"

"கட்டடம்னு சொல்றப்ப. கண்ணு வேற கேமராவத் தேடுது, திருடன் போலீசைத் தேடுற மாதிரி."

"அது டைரக்டர் சொன்னது."

"டைரக்டர் வீட்டுக்கும் ஊறுகாய் என் கடையிலதானே போவுது? வரட்டும், அவனுக்கும் இருக்கு."

ஷஹாத்தா உள்ளே வந்து உட்கார்ந்தார். ஆறிப்போன சூப்பை இழுத்து வைத்துக்கொண்டு, அந்த மூச்சை எங்கே விட வேண்டும் என்று விசாரித்தார். அவள் சொல்லச் சொல்ல, இரண்டாம் கிண்ணமும் வாங்கிக் குடித்தார்.

மறுநாள் மாலை கடையில் நல்ல கூட்டம். "நேத்து ஒருத்தன் வந்தான் பாருங்க, லிஃப்ட் ரிப்பேருக்கு" என்று அத்தியாத் ஆரம்பித்தாள். வெள்ளரிக்காய் பீப்பாய்க்குப் பக்கத்தில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஷஹாத்தா நின்றிருந்தார். அவசரமாக எலுமிச்சைக்குக் கை நீட்டிய ஒருவரை அவர் தடுத்தார்.

"இருங்கய்யா, போகலாம். இன்னும் மீசைக்கே வரல அவ."