பொட்டு வைத்த அட்மிரல்

எண்பதுகளின் நடுவில் கனடாவில், மல்வேர்னில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் இருந்தோம். வீட்டுக்காரி ஜெர்மன்காரி, தனிக்கட்டை. மேலே அவளது ஹோலில் ஒரு படம் தொங்கியது. மார்பு நிறையப் பதக்கம், மருந்துக்கும் சிரிப்பில்லாத முகம். செத்துப்போன புருஷன்தான் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். கிழவி காய்ச்சலில் படுத்த ஒரு வெள்ளிக்கிழமை, கஞ்சி கொண்டுபோன கையோடு, பாவம் பார்த்துப் படத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்து, ஒரு பூவும் செருகிவிட்டு வந்தேன்.

மறுநாள் கூப்பிட்டாள். ஏசப்போகிறாள் என்று போனால், இருமி இருமிச் சிரிக்கிறாள். அது புருஷன் இல்லையாம், உலக யுத்தகாலத்து ஜெர்மன் கடற்படையின் அட்மிரலாம். கடைசி மாதங்களில் ரஷ்யப் படை நெருங்க, கிழக்குக் கரையில் அகப்பட்ட சனத்தை ஏற்றக் கப்பல்கள் அனுப்பியவராம். அதில் ஒன்றில்தான் தாயும் அவளும் தப்பினார்களாம்.

கப்பல் என்றதும் எனக்கு என் தம்பியின் நினைப்பு வந்தது. ஜெர்மனியில் அகதியாக இருந்துகொண்டு, கனடாவுக்குக் கப்பல் ஏறப்போகிறேன் என்று போனில் சொன்னவன், அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. சும்மா இருந்தால் விசர் பிடித்துவிடும் போலிருந்தது. சனத்தைக் கப்பலில் ஏற்றிக் காப்பாற்றிய அந்த ஆள் யார்தான் என்று பார்ப்போமே என லைப்ரரிக்குப் போனேன். தம்பியைத் தேடுகிற நேரத்தில் இவள் அட்மிரலைத் தேடுகிறாள் என்று என்னவர் பகிடி பண்ணினார்.

அகராதியும் கையுமாக வாசித்தேன். முதலில் நீர்மூழ்கிகளுக்குத் தலைவர், பிறகு முழுக் கடற்படைக்கும். ஜெர்மன் சர்வாதிகாரி சாகும்போது நாட்டையே இவரிடம் விட்டுப் போயிருக்கிறான். தோற்றபின் மறியல், பத்து வருஷம் சிறைக்குள். இடையில் ஒரு வரி: மூழ்கடித்த கப்பல்களின் ஆட்கள் தண்ணீரில் தத்தளித்தால் தூக்கவேண்டாம் என்று உத்தரவு போட்டவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நாசமாய்ப்போவானுக்கா பொட்டு வைத்தேன்?

நேரே மேலே போய், இது தெரியுமா என்று கேட்டேன். கிழவி கோபிக்கவில்லை. தெரியும், கனடா வந்தபிறகுதான் வாசித்தேன் என்றாள். படத்தைக் கழற்றுவாளாம், தாயை நினைத்ததும் திரும்ப மாட்டுவாளாம்.

"ஏறும்போது யாருடைய கப்பல் என்று நாங்கள் கேட்கவில்லை" என்றாள்.

இவள் என்ன மனுஷி என்று எனக்கு விளங்கவில்லை. சூட்டோடு இறங்கி வந்துவிட்டேன்.

சில நாளில் போன் அடித்தது. தம்பி, கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து. ஓவென்று அழுதேன். முதலில் கேட்டது, அவனை ஏற்றிவந்த கப்பலின் கப்டன் எப்படிப்பட்டவன் என்றுதான்.

"நடுக்கடலிலை சின்னப் படகிலை இறக்கிவிட்டிட்டுப் போட்டான், அக்கா. மீன்பிடிக்காரர்தான் தூக்கினவை. ஆனா அவன் ஏத்தியிராட்டி நான் இஞ்சை இல்லை."

போனை வைத்துத் திரும்பினால், என் அழுகைச் சத்தம் கேட்டுக் கிழவி படியில் நிற்கிறாள். விஷயத்தைச் சொன்னேன். அந்தக் கப்டன் நல்லவனா என்று கேட்டாள்.

தம்பி உயிரோடு இருக்கிறான் என்று மட்டும் சொன்னேன்.