அம்மா நன்மை வாங்காத வருடங்கள்

அப்போது நாங்கள் அல்வாலில் இருந்தோம். ஞாயிறு காலை தமிழ்ப் பூசைக்குச் செகந்திராபாத் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போவோம். தம்பிகள் இருவரும் அப்பாவின் ஸ்கூட்டரில், நானும் அம்மாவும் ஷேர் ஆட்டோவில். பூசை முடிந்ததும் ரயில்வே காலனிக் குடும்பங்கள் வாசலில் நின்று ஊர்க்கதை பேசும். பக்கத்து இரானி ஓட்டலில் அப்பா வாங்கித் தரும் உஸ்மானியா பிஸ்கட்டின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

ஆனால் பூசையில் நற்கருணை அப்பம், அதாவது நன்மை, வாங்க எல்லோரும் எழும்போது அம்மா மட்டும் முழங்காலை ஒதுக்கி எங்களுக்கு வழிவிட்டுவிட்டு, பெஞ்சிலேயே இருந்துவிடுவாள். நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் காரணத்தைச் சொன்னாள். சின்னத் தம்பி பிறந்தபோது அவள் பிழைத்ததே பெரிது. இன்னொரு பிரசவத்தை உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னதால் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டாள். பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னபோது, அன்றைய பங்குச் சாமியார் மன்னிப்புத் தர மறுத்துவிட்டார். மன்னிப்பு இல்லாமல் நன்மை வாங்கக் கூடாது.

"செஞ்சதுக்கு வருந்தி மனஸ்தாபப்படுறேன்னு சொல்லுன்னாரு. எனக்குத்தான் மனஸ்தாபமே இல்லியே. கோயில்ல முட்டி போட்டுப் பொய் சொல்ல முடியுமா?"

மாதாப்பூரில் நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. கோயில் விதிப்படி நானும் மாப்பிள்ளையும் திருமணத் தயாரிப்பு வகுப்புக்குப் போனோம். பாதி ஜோடிகள் எங்களைப் போல ஐ.டி.காரர்கள். எத்தனை பிள்ளைகள், எப்போது என்பதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து, பொறுப்போடு முடிவு செய்ய வேண்டும் என்றார் இளம் சாமியார். ஒரு லேடி டாக்டர் மாதவிடாய் நாட்களைப் பலகையில் வரைந்து, இயற்கை முறையை விளக்கினார். கடவுள் கொடுப்பதை எண்ணக் கூடாது என்று அம்மாவுக்குச் சொல்லித்தந்த அதே கோயில்.

வகுப்பு முடிந்ததும் சாமியாரிடம் போய் அம்மாவைப் பற்றிச் சொன்னேன்.

"ஆபரேஷனைப் பத்தின போதனை மாறலம்மா," என்றார். "ஆனா உயிருக்குப் பயந்த ஒரு தாயை இத்தனை வருஷம் தனியா உக்கார வச்சிருக்கக் கூடாது. அவங்களை வரச் சொல்லுங்க."

வீட்டில் சொன்னதும் அம்மா கோபப்பட்டாள். "இவருகிட்டயும் அதையே கேக்கணுமா? நக்கோ, வேண்டாம், விடு." அப்பா மட்டும் மெதுவாக, "போய்த்தான் பாரேன்," என்றார். மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டு வந்தாள்.

"என்னம்மா கேட்டாரு?"

"மூணு பிள்ளைகளும் நல்லா இருக்காங்களான்னு கேட்டாரு. எனக்கு அழுகை வந்துட்டு. பொறவு ரெண்டு பேரும் சேந்து செபம் சொன்னோம்."

மன்னிப்புக் கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

என் கல்யாணப் பூசையில், பீடத்துக்கு முன்னால் போட்டிருந்த நாற்காலியிலிருந்து திரும்பிப் பார்த்தேன். பட்டுச்சேலையில் அம்மா நன்மை வாங்கும் வரிசையில் வந்துகொண்டிருந்தாள். அவள் காலத்தில் முழந்தாளிட்டு நாக்கில் வாங்குவார்கள். இப்போது பலர் கையில் வாங்கினார்கள். முன்னால் போனவர்கள் எப்படிக் கையை வைக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவள், சாமியார் முன் நின்றதும் எல்லாவற்றையும் மறந்து, கண்ணை மூடி, சின்னப் பிள்ளை மாதிரி நாக்கை நீட்டினாள்.