டிஸ்ப்ளேக்கு மட்டும்

வார நாள்களில் நான் பிரிக்ஃபீல்ட்ஸ் பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றி இறக்குபவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயக்காரி. இதைச் சொன்னால் பிள்ளைகளை என் வேனில் அனுப்பும் அம்மாக்களின் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும் என்பதால் சொல்வதில்லை.

பந்தயம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். செராஸில் வியாபாரம் படுத்துவிட்ட ஒரு பேரங்காடியின் திறந்தவெளிக் கார் நிறுத்துமிடத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைப்பார்கள். ஒரு சமயத்தில் ஒரு கார்தான் ஓடும். கூம்பைத் தட்டாமல் வளைந்து வளைந்து யார் சீக்கிரம் முடிக்கிறாரோ அவருக்குக் கோப்பை. கோப்பை பிளாஸ்டிக்தான். அதற்காக நான் தூக்கம் கெட்டிருக்கிறேன் என்பதையும் மறைப்பானேன்.

எங்கள் பிரிவுக்குச் சின்னக் கார் கிளாஸ் என்று பெயர். சம்பளக்காரர்களும் ஓட்டட்டும் என்றே தொடங்கியது. கார் கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும். ஏதாவது தேய்ந்துபோனால், கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய சாமானை மாட்டிக்கொள்ளலாம். விதி அவ்வளவுதான். என் கணவர் கிள்ளானில் ஒரு லோரி பட்டறையில் போமன், அதாவது மெக்கானிக். வாரம் முழுக்க லோரிக்கு அடியில் கிடந்த மனிதர், ஞாயிறு விடிந்ததும் சிரித்த முகத்தோடு என் காருக்கு அடியில் போய்ப் படுப்பார். எங்கள் வீட்டில் இருந்த ஒரே ஆடம்பரம் அதுதான். பெரிய பிரிவுகளுக்குப் போக எங்களுக்கு வக்கில்லை. இந்தப் பிரிவு போனால் எனக்குப் பந்தயமே போயிற்று.

நுழைவுக் கட்டணம் ஏறியது. முணுமுணுத்தோம், கட்டினோம். டயர் விலை ஏறியது. நான் சலூனுக்குப் போவதை நிறுத்தினேன், அவர் சிகரெட்டை நிறுத்தினார். விலையேற்றம் எல்லாருக்கும் பொதுவாக இருந்தவரை எங்களுக்கு அதில் மனத்தாங்கல் இல்லை.

பிறகு ஒருவர் வந்து சேர்ந்தார். பெட்டாலிங் ஜெயாவில் கார் சாமான் கடை வைத்திருப்பவர். வயதில் என்னைவிடச் சின்னவர், வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவார். என்னுடையதைப் போன்ற அதே பழைய சின்னக் கார். ஆனால் வளைவில் என் கார் ஒரு பக்கமாகச் சாயும், அவருடையது சாயாது. வந்த முதல் நாளே கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். என் கணவர் அவர் காரின் சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, சக்கரத்தோடு சேர்ந்து கார் சாயாமல் தாங்கும் அப்சார்பர் நான்கும் வெளிநாட்டில் அளவு கொடுத்துச் செய்தவை என்றார். சொல்லிவிட்டு மறுபடி எங்கள் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். நான்தான் விறுவிறுவென்று பந்தயக் கமிட்டித் தலைவரிடம் போனேன்.

தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி, எல்லாருக்கும் அங்கிள். பொறுமையாகக் கேட்டார். அது கடையில் விற்கிற சாமான்தானாம், விசாரித்துவிட்டாராம். எந்தக் கடையில் என்று கேட்டேன். அந்தத் தம்பியின் கடையில்தான் என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

மறுவாரமே அந்தக் கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள், மேலே விளக்குப் போட்டு, நகைக்கடை ஆரத்தைப் போல, அதே மாதிரி நான்கு அப்சார்பர்களை வைத்திருந்தார்கள். பக்கத்தில் விலைச்சீட்டு. அந்த விலைக்கு என்னுடையதைப் போல இரண்டு கார் வாங்கலாம். வளையலை அடகு வைத்தாவது வாங்கிவிடுவது என்ற வீம்போடுதான் போயிருந்தேன். எடுத்துக் கொடுங்கள் என்றேன். கல்லாவில் இருந்த பெண் பாவம், அவளுக்கு எதுவும் தெரியாது.

"சாரி லா அக்கா. இது டிஸ்ப்ளேக்கு மட்டும். விக்கறதில்ல."

அடுத்த பந்தய நாளில் இதை அப்படியே அங்கிளிடம் சொன்னேன். கண்ணாடிக்குள் இருக்கிறது, விலை போட்டிருக்கிறது, அப்படியானால் கடையில் கிடைக்கிறது என்றுதானே அர்த்தம் என்று என்னையே திருப்பிக் கேட்டார். எனக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் அன்று காலையில்தான் கார்களைச் சோதிக்கிற அவருடைய ஆள், என் பம்பரில் கட்டியிருந்த எலுமிச்சம்பழம் மிளகாய்ச் சரத்தை அவிழ்க்கச் சொல்லியிருந்தார். அது கம்பெனியிலிருந்து வந்ததில்லையாம், விதிக்குப் புறம்பாம். பூக்கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். அவிழ்த்த பிறகுதான் புறப்படும் கோட்டுக்குப் போக விட்டார். எலுமிச்சம்பழத்தைக் கண்ட கண்ணுக்கு அப்சார்பர் தெரியாமல் போகுமா? தெரிந்தது. தெரிந்துதான் விட்டார்கள்.

அந்த ஆண்டு முழுக்க ஓட்டினேன், முழுக்கத் தோற்றேன். எங்கள் பிரிவில் ஓட்டியவர்களில், பலகாரம் விற்கும் செலாயாங் அண்ணன் முதலில் பந்தயத்தை விட்டு நின்றார். பிறகு ஒரு டீச்சர் காரையே விற்றுவிட்டார். கடைசிப் பந்தயத்துக்குப் பிறகு என் கணவர் எங்கள் காரைக் கழுவித் துடைத்து, அடுக்குமாடிக்குக் கீழே நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடினார். அடுத்த ஞாயிறு கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கிள் மீதும் அந்தத் தம்பி மீதும் வந்த கோபம் இன்னும் தணியவில்லை, தணிய வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

புது ஆண்டு தொடங்கும் சமயத்தில் அந்தத் தம்பியே போன் செய்தார். நான் வேனில் பள்ளி வாசலில் காத்திருந்தேன். சின்னக் கார் கிளாஸுக்கு ஆள் போதவில்லையாம். குறைந்தது ஐந்து கார் இல்லாவிட்டால் பிரிவையே எடுத்துவிடுவார்களாம். அவரும் அவருடைய கூட்டாளிகளுமாக நான்கு பேர்தான் பதிந்திருக்கிறார்கள்.

"நீங்க வந்தாதான் கிளாஸ் ஓடும் அக்கா. ஃபீஸ் நான் கட்டறேன் லா. டயர்கூட தரேன்."

எனக்கு ஒரு நிமிடம் ஆசை வந்தது. பொய் சொல்லவில்லை, கால் தானாகக் கிளட்சைத் தேடியது. அப்சார்பரும் தருவீர்களா என்று கேட்டேன். அவர் சிரித்தார், அது எப்படி அக்கா என்றார். அப்போதுதான் விளங்கியது. இந்த மனிதருக்குப் போட்டி வேண்டாம். தோற்பதற்கு ஒரு ஆள் வேண்டும், அதற்குக் கூலியும் கொடுப்பார்.

"நான் டிஸ்ப்ளேக்கு மட்டும் தம்பி," என்றேன். "விக்கறதில்ல."

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்து ஏறினார்கள். சின்னக் கார் கிளாஸை அந்த ஆண்டு எடுத்துவிட்டார்கள்.