மாமாவுக்கு எண்பத்து நாலு

மேனாம்பேட்டில் என் அக்கா கஸ்தூரி வீட்டு நாற்காலியை விட்டு நான் எழுந்தால் மணி அடிக்கும். அடிப்பது என் இடது கையில் கட்டியிருக்கும் கடிகாரம். நெஞ்சுத் துடிப்பு நூற்றுப்பத்தைத் தாண்டினால் கத்தும்படி அதற்குக் கட்டளை. அக்கா மகள் கல்யாணத்துக்காக ஒஸ்லோவிலிருந்து வந்தவன் நான். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மண்டபத்துக் கணக்கு முடிப்பதற்குள் எனக்கு நுரையீரலில் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல் போய்விட்டது, துடிப்பு மட்டும் இறங்க மறுத்தது. ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கச் சொன்னார் டாக்டர். பல் தேய்த்த பிறகு கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டுத்தான் சட்டை போட வேண்டும், எதற்கும் சடாரென்று எழக் கூடாது. அடுத்த முறை பார்க்கும்போது துடிப்பு அடங்கியிருந்தால்தான் விமானம் ஏறச் சான்றிதழ் தருவார். ஒஸ்லோவில் என் மனைவி நித்யாவுக்கு நிறைமாதம், துணைக்கு ஆள் கிடையாது. குழந்தை பிறப்பதற்குள் நான் போய்ச் சேர வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஆனால் நம் ஊரில் ஒருவன் படுத்து எழுந்தால் அவனை யார் சும்மா விடுகிறார்கள்? ஒரு பை சாத்துக்குடியோடு தெருவே வரும். வருகிறவர் பெரியவரென்றால் நாம் எழுந்து நிற்க வேண்டும். 'நீ ஒக்காருப்பா' என்று அவர் சொல்வார், நாமும் உட்காருவோம். ஆனால் அவர் அதைச் சொல்வதற்காகவாவது முதலில் எழுந்திருக்க வேண்டும். எழாவிட்டால், வெளிநாட்டுக்குப் போய்க் கொழுப்பேறிவிட்டது என்று அயனம்பாக்கம் வரை பேச்சாகிவிடும். நான் யோசித்தெல்லாம் எழுவதில்லை. வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டாலே என் கால்கள் தாமாக நிமிர்ந்துவிடுகின்றன.

இந்தக் கால்கள் என்னை நார்வேயிலும் மாட்டிவிட்டிருக்கின்றன. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேலதிகாரி அறைக்குள் வரும்போதெல்லாம் எழுந்து நிற்பேன். நான் வெளியே போகப் பார்க்கிறேன் என்று நினைத்து அவர் ஒதுங்கி வழிவிடுவார். அவர் நிற்கும்போது நான் எப்படி உட்காருவது? இரண்டு பேரும் நின்றுகொண்டே வானிலை பேசுவோம். ஒருநாள் தயங்கித் தயங்கி, "உனக்கு முதுகு வலியா?" என்று கேட்டார். முதலாளி கேட்கும்போது இல்லையென்று எப்படிச் சொல்வது? ஆமாம் என்றேன். அடுத்த வாரம் நின்றபடியே வேலை பார்க்கும் உயரமான மேசையை எனக்கென்று வாங்கிப் போட்டுவிட்டார்கள். அதற்கும் எழுந்து நின்று நன்றி சொன்னேன். பிறகு ஒரு குளிர்காலத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டபோது, பக்கத்து வீட்டு அம்மாள் கதவுக்கு வெளியே சூப்பை வைத்து, "கு பெத்ரிங்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, நான் திறப்பதற்குள் ஓடிப்போனாள். சீக்கிரம் குணமாகட்டும் என்று அர்த்தம். உடம்பு சரியில்லாதவனைத் தனியாக விடுவதுதான் அங்கே மரியாதை. அன்று எனக்கு அழுகையே வந்தது. இப்போது மேனாம்பேட்டில் அப்படி ஓடிப்போக ஒரே ஒரு ஆள் கிடைக்கமாட்டாரா என்று ஏங்கினேன்.

எல்லாம் பக்கத்து வீட்டு பர்வீன் அக்காவிடம் தொடங்கியது. அவர் உள்ளே வந்தார், நான் எழுந்தேன், கடிகாரம் அலறியது. "இன்னா தம்பி, நான் வந்தா கத்துது?" என்று பயந்துபோனார். நான் விளக்குவதற்குள் என் அக்கா முந்திக்கொண்டாள். "உன்னப் பாத்த சந்தோசத்துல நெஞ்சு அடிச்சிக்குது க்கா. நூத்திப் பதினாறு பாரு." அவ்வளவுதான். மறுநாளிலிருந்து வந்தவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைத்தான் பார்த்தார்கள். கல்யாணத்தில் மொய் எழுதியவர், எழுதாதவர் எல்லோரும் தமக்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வந்தார்கள். நூற்றிருபது வாங்கியவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். நூற்று மூன்றோடு நின்றுபோன ஒரு பெரியப்பா, வெளியே போய்விட்டு மறுபடியும் உள்ளே வந்தார்.

மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. மாமா என்றால் அக்கா புருஷன், தனபால். பக்கத்துத் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டு முதல் மாப்பிள்ளை என்ற முறுக்கு, பெண்ணுக்குக் கல்யாணம் செய்துகொடுத்த பிறகும் குறையாதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது, வெள்ளை வேட்டி சட்டை உடுத்திக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போய், சுற்றிக்கொண்டு, சொந்த வீட்டுக்கே விருந்தாளியைப்போல முன்வாசலில் நுழைந்தார். நான் எழுந்தேன். தொண்ணூறு. சரி, ஏறும் என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எண்பத்து நாலு.

"இன்னாடா இது? ஏறாட்டிக்கூடப் பரவால்ல, எறங்குது!" என்றார்.

"கொறஞ்சாத்தான் நல்லது மாமா."

"யாருக்கு நல்லது? கரண்டு மீட்டர் பாக்க வந்தவனுக்கே தொண்ணூத்தெட்டு அடிச்சுது. நான் அவன விடக் கேவலமாப் பூட்டனா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அம்மா போன பிறகு பள்ளிக்கூட நாட்களில் நான் வளர்ந்தது அந்த வீட்டில்தான். காய்ச்சலில் நான் கிடந்தபோது ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்துக் கிடந்தவர் அவர்தான். அவர் பக்கத்தில் இருந்தால் எனக்குப் பயம் தெளிந்துவிடும், நெஞ்சும் அடங்கிவிடும். ஆனால் அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மாமா எழுந்து போனார். அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

டாக்டரைப் பார்க்கும் நாள் நெருங்கியது. துடிப்போ இறங்குவதாக இல்லை. படுத்திருப்பவன் எழ வேண்டியதில்லை என்று அக்கா ஒரு யோசனை கண்டுபிடித்தாள். கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்து என்னைப் படுக்கவைத்து, கழுத்துவரை வெள்ளைப் போர்வையைப் போர்த்தினாள். வருகிறவர்களுக்காகக் கல்யாணத்துக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் வாசலில் கிடந்தன. படியில் செருப்புக் குவியல். நான் தூங்குகிறேன் என்று எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். அந்தப் பக்கம் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, வருத்தமான குரலில், "எப்போ எடுக்குறாங்க?" என்று கேட்டது எனக்கு நன்றாகவே கேட்டது. "எடுக்க மாட்டாங்க!" என்று எழுந்து கத்திவிட்டேன். நூற்று முப்பத்தொன்று. சைக்கிள்காரர் வண்டியை விட்டுவிட்டு ஓடினார். என்னைப் பார்க்க வந்த ஒருவர்கூட அதுவரை தொடாத எண் அது.

மறுநாள் காலையிலிருந்து யாருமே வரவில்லை. மதியம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாமா பட்டறைக்குப் போகாமல் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாத்துக்குடிப் பையோடு வந்தவரை மறித்து, "உனுக்கு நூத்தி இருவத்திரெண்டு. நேத்தே உம் பேரச் சொன்னேன், எகிறிக்கிச்சு. சந்தோசமா ஊட்டுக்குப் போ," என்று பையை வாங்கிக்கொண்டு அனுப்பினார். வந்தவரும் முகம் மலரப் போனார். பெரியப்பாவுக்கு நூற்று நாற்பது கொடுத்தார், பெரிய மனசு.

அன்று மாமா கூடத்துப் பக்கமே வராததையும் அப்போதுதான் கவனித்தேன். "இன்னும் கோவமாக்கா?" என்றேன்.

"கோவம்தான். ஆனா அவரு உள்ள வந்தா நீ எழுந்துக்குவியாம். அதான் சந்துப் பக்கமா வந்து, சமையக்கட்டுல நின்னுகினே துண்ணுட்டுப் போறாரு," என்றாள் அக்கா.

சொந்த வீட்டில் ஒரு மனிதர் திருடனைப்போல வந்துபோகிறார், நான் உட்கார்ந்திருப்பதற்காக. போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அழுதேன். சைக்கிள்காரர் மறுபடி வந்து பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்.

துடிப்பு மெல்ல இறங்கியது. சான்றிதழ் கிடைத்தது. விமான நிலையத்தில் மாமா என்னைத் தள்ளுநாற்காலியில் உட்காரவைத்து, "எழுந்துக்காதடா," என்று மட்டும் சொன்னார். மகள் பிறந்தபோது நித்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் இருந்தேன்.

இங்கே ஒஸ்லோவில் யாரும் குழந்தையைப் பார்க்க வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் பின்னிய காலுறைகளைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு வழக்கம்போல ஓடிவிட்டாள். யாருக்காகவும் எழுந்து நிற்க வேண்டியிராததால் கடிகாரமும் வாய் திறக்காமல் கிடந்தது. போன ஞாயிற்றுக்கிழமை போனைப் பூச்சாடியில் சாய்த்துவைத்து மேனாம்பேட்டுக்குப் பேசினேன். முதலில் அக்கா வந்தாள். அவளைத் தள்ளிக்கொண்டு மாமாவின் முகம் வந்தது. மகளை மடியில் வைத்திருந்த நான் அவளைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன். கடிகாரம் அலறியது. "போனுக்கு எதுக்கு எழுந்திருக்கிற?" என்றாள் நித்யா.

"எவ்ளோடா?" என்றார் மாமா.

மணிக்கட்டைக் காட்டினேன். நூற்றுப் பதினெட்டு.

"கஸ்தூரி! வந்து பாருடி, நூத்திப் பதினெட்டு! இப்பதான்டா மச்சான் மருவாதி கத்துக்கினே!" கத்திக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "போதும், ஒக்காரு."

அவர் தோளுக்குப் பின்னால் கூடத்தில் என் நாற்காலி காலியாகத் தெரிந்தது. ஒஸ்லோவில் நான் நின்றுகொண்டே இருந்தேன். கடிகாரம் அடங்கவில்லை.