பதினெட்டும் நாற்பத்தெட்டும்

அண்ணா முற்றத்தில் சாக்கு விரித்து மூன்று மோட்டர்களை வரிசையாக வைத்துவிட்டு, "எது வேணும், நீயே சொல்லு" என்றார். புடவைக் கடையில்கூட என்னை யாரும் அப்படி மரியாதையாகக் கேட்டதில்லை. எனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்பதை அம்மாவிடம்தான் கேட்பார்கள். கால் ஏலாதவளுக்கு வாயும் ஏலாது என்று நினைப்பு. என் வாயைத் திறந்த பிறகு ஒருவரும் அந்தப் பிழையை இரண்டாம் தரம் விட்டதில்லை.

மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் என் இரண்டு கால்களையும் சூம்பப் பண்ணிவிட்டது. வீட்டுக்குள் ஒரு பலகையில் திரிந்தேன். லொறிக் கராஜில் வேலை செய்த அண்ணா அதற்குச் சில்லாக நான்கு போல்பெயாரிங் பூட்டித் தந்திருந்தார். கையால் நிலத்தைத் தள்ளினால் குசினியிலிருந்து கிணற்றடி வரை கடகடவென்று போவேன். மத்தியானத்தில் அதிலேயே மல்லாந்து படுத்து, துறைமுகத்தில் கப்பல் ஊதுவதைக் கேட்டபடி, பலகை தானாக வாசலைத் தாண்டிப் போவதாக நினைத்துக்கொள்வேன். யாரும் தூக்காமல், யாரும் தள்ளாமல். எனக்கு அதைவிடப் பெரிய ஆசை இருந்ததில்லை.

இருபத்துமூன்று வயதில் உவர்மலையில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை கிடைத்தது. ஒவ்வொரு காலையும் அண்ணா என்னைச் சைக்கிள் பாரில் இருத்தி, மலையடியில் தான் இறங்கி, மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு ஏறுவார். ஆட்டோ பிடிக்கலாம்தான். ஆனால் ஆட்டோக்காரர் என்னைத் தூக்கி இருத்த வேண்டும். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. சம்மதிக்கவும் மாட்டேன்.

யுத்த காலம். அப்பா இல்லை. இளம் ஆண் ஒருவர் காலையில் வெளிக்கிட்டால், பின்னேரம் அவரது சைக்கிள் மணி கேட்கும் வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. அந்த நேரத்தில்தான் வளைகுடாவில் லொறி மெக்கானிக் வேலைக்கு அண்ணாவுக்குக் கடிதம் வந்தது. மாதம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். சொன்ன கிழமையே பயணம். அம்மா கடிதத்தைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். அண்ணா எடுத்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"இவள் தனிய மலை ஏறினால் போறன். இல்லாட்டி இல்லை."

ஆக, பலகை மலை ஏறினால் அண்ணா தப்பிப் போய்விடுவார். ஏறாவிட்டால் என்னோடு இருப்பார். இதற்குத்தான், பலகையில் ஒன்றைப் பூட்டத்தான், அந்த மூன்று மோட்டர்களும்.

முதலாவது, லொறியின் ஸ்டார்ட்டர் மோட்டர். பற்றறியில் தொடுத்ததும் சாக்கோடு துள்ளி எழும்பியது. "ஐயோ, கொல்லப் பாக்கிறீங்களோ?" என்று நான் கத்தினேன். சரியான பலம்தான். ஆனால் கொஞ்ச நேரத்திலேயே கொதித்துப்போய், பற்றறியையும் குடித்து முடித்துவிட்டது. இரண்டாவது, ஒரு வான் வண்டியின் ரேடியேட்டர் விசிறி மோட்டர். விர் என்று சுற்றியது. பழந்துணியால் தண்டைப் பிடித்தேன்; மரியாதையாக நின்றுவிட்டது. மூன்றாவது, லொறிக் கண்ணாடியில் மழை துடைக்கிற வைப்பர் மோட்டர். அதற்குள்ளேயே ஒரு திருகுப் பல் இருப்பதால் மெல்லத்தான் சுற்றும். அதன் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். என் கைகள் காலின் வேலையையும் சேர்த்துச் செய்தவை, லேசானவை அல்ல. அது அவசரப்படாமல் என்னையும் பலகையையும் சேர்த்து அரை வட்டம் இழுத்துக்கொண்டு போனது.

"இதுதான்" என்றேன்.

அண்ணா ஒரு கிழமையில் புதுப் பலகை செய்தார். சின்னப் பிள்ளைகளின் சைக்கிள் சில்லுகள் நான்கு. முன் சில்லுகளைத் திருப்ப ஒரு கயிறு, நிற்பாட்ட ஒரு கட்டை. எனக்குப் பின்னால் பற்றறி. மோட்டரில் பெரிய சைக்கிளின் பெடல் பற்சில்லு, நாற்பத்தெட்டுப் பல், பின் சில்லில் சின்னது, பதினெட்டுப் பல், நடுவில் செயின். எதையும் மூடவில்லை. மழை படுமே என்றாள் அம்மா. மூடினால் சென்ரியில் காவல் நிற்கிற ஆமிக்காரனுக்குக் குண்டோ என்று வேறு யோசனை வரும், வயர் எல்லாம் வெளியே தெரியட்டும் என்றார் அண்ணா. அவனுக்குக் காட்டக் கிராம சேவகரிடம் ஒரு கடிதமும் வாங்கி வைத்தார்.

உள்துறைமுகத் தெருவில் முதல் தடவை ஓடிய அந்தப் பின்னேரத்தை எப்படிச் சொல்ல? கடல் அசையாமல் கிடந்தது. தூரத்தில் மூதூர்ப் பக்கத்துக் கரை நீலக் கோடாய்த் தெரிந்தது. சுவிச்சை அழுத்தினேன். தெரு எனக்குக் கீழே தானாக வழுகத் தொடங்கியது. மனிதர்கள், ஆடுகள், காயப்போட்ட வலைகள் எல்லாம் எதிரே வந்து, என்னைத் தூக்காமல், என்னைத் தள்ளாமல், இரண்டு பக்கத்தாலும் போய்க்கொண்டிருந்தன. அண்ணா பக்கத்தில் ஓடிவந்தார். ஓட வேண்டியிருந்தது அவருக்கு! நான் அழுதுகொண்டே அவரை, "கெதியா வாங்கோ, கிழவா" என்று பகிடி பண்ணினேன்.

மலையடியில் நின்றுவிட்டது.

மோட்டர் முனகியது, செயின் விறைத்தது, அவ்வளவுதான். பின்வாங்கி வேகமாக வந்து பார்த்தோம். இரண்டு முழம் ஏறி மறுபடி நின்றது. அண்ணா தலையைச் சொறிந்தார். நான் குனிந்து செயினைப் பார்த்தேன். எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

சைக்கிள் பாரில் வருஷக்கணக்காக இருந்தவள் நான். மற்றவர்கள் தெருவைப் பார்ப்பார்கள். நான் குனிந்து அண்ணாவின் காலடியில் சுற்றும் செயினைப் பார்த்திருப்பேன். பெரிய பற்சில்லு ஒரு தரம் சுற்றினால் சின்னது இரண்டரைத் தரத்துக்கும் மேலே சுற்றும். அதனால் வேகம். அந்த வேகத்தின் விலை பலம். அதனால்தானே அண்ணாவே மலையடியில் இறங்கித் தள்ளினார்! மலை ஏறுவதற்குத் தலைகீழாகப் பூட்ட வேண்டும். பதினெட்டு மோட்டரில், நாற்பத்தெட்டு சில்லில். எங்கள் ஊரில் எல்லாரும் சைக்கிளிலேயே வளர்ந்தவர்கள். பெரியது முன்னுக்கு, சின்னது பின்னுக்கு என்பது கையில் ஊறிப்போனது. யாருக்கும் மாற்றிப் பூட்டத் தோன்றாது. வேகத்தைக் குறைக்க நினைக்காததற்கு அண்ணாவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது.

"மெல்லப் போனா ஊருறமாதிரி இருக்கும்" என்றார். "என்ர தங்கச்சி இனி ஊரக் கூடாது."

நான் வாயைத் திறக்கவில்லை. எதற்கும் திறக்கிற வாய், அன்றைக்கு மூடிக்கொண்டது.

பன்னிரண்டு நாள். தம்பலகாமத்தில் ஒரு ட்ரக்டரிலிருந்து நல்ல பற்றறி எடுத்துவந்தார். பாரம் குறைய வேண்டுமென்று பலகையை இழைத்தார். செயினுக்கு எண்ணெய் விட்டார். ஒவ்வொரு பின்னேரமும் துறைமுகத் தெருவால் மிதந்து போவோம், மலையடியில் நிற்போம், அவர் யோசிப்பார், கடலில் வெளிச்சம் மஞ்சளாகி, ரோசாவாகிச் சாம்பலாகும், திரும்பி வருவோம். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான நாட்கள் இல்லை. மாதம் முடிந்துவிடும், கடிதம் செத்துவிடும், எல்லாம் இப்படியே இருக்கும் என்று நினைத்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

பதின்மூன்றாம் நாள் விடிய ஆமியின் சுற்றிவளைப்பு. எங்கள் ஒழுங்கையில் இருந்த இளம் ஆண்களை எல்லாம் வரிசையில் நிறுத்தி, சிலரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அண்ணாவையும். அம்மா அவரது அடையாள அட்டையின் பிரதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகாம் வாசலாக நின்றாள். நான் முற்றத்தில் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் இருந்தேன். நாற்பத்தெட்டுப் பல்லையும் திரும்பத் திரும்ப எண்ணினேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் இவர் இப்போது வேறு நாட்டில், ஏதோ ஒரு லொறிக்கு அடியில் படுத்திருப்பார்.

மூன்றாம் நாள் மத்தியானம் வந்தார். நடந்துதான் வந்தார். இடது கன்னம் வீங்கியிருந்தது. அம்மா இடப்பக்கம் நின்று கேட்டதற்கெல்லாம் அவர் பதில் சொல்லவில்லை. கோபமாக்கும் என்று நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது, அந்தக் காது கேட்கவில்லை.

அவர் சோறு தின்று முடிக்கும்வரை பார்த்திருந்தேன். பிறகு அவரது வலப்பக்கம் போய்ச் சொன்னேன்.

"அண்ணா, ரெண்டையும் மாத்திப் பூட்டுங்கோ. சின்னது மோட்டரில, பெரிசு சில்லில."

அவர் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அட கடவுளே" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "எப்ப கண்டுபிடிச்சனீ?"

"இப்பதான் யோசிச்சனான்" என்றேன்.

அடுத்த நாள் பின்னேரம் பலகை மலை ஏறியது. ஆமைகூட முந்திப் போயிருக்கும். சென்ரியில் நின்றவன் கடிதத்தை வாசித்து, வயரைப் பார்த்து, என்னைப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு கையைக் காட்டினான். அண்ணா என் பக்கத்தில் மெல்ல நடந்து வந்தார். இந்தத் தடவை ஓட வேண்டியிருக்கவில்லை. உச்சியில் திரும்பிப் பார்த்தபோது துறைமுகம் முழுவதும் எங்களுக்குக் கீழே கிடந்தது. ஒரு கப்பல் அசைகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் வெளியே போய்க்கொண்டிருந்தது.

"இனி உனக்கு நான் தேவையில்லை" என்றார் அண்ணா, சந்தோஷமாக.

"ஓம்" என்றேன்.

அந்தக் கிழமையே போய்விட்டார். யுத்தம் முடியும்வரை வரவில்லை. பிறகும் இரண்டு தரம்தான் வந்தார். அங்கே கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம், மெக்கானிக் தனக்கே விளங்காததைத் தன் தங்கச்சி ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்த கதையைச் சொல்வாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பார். எடுத்தவுடன் எப்போதும் பழக்கதோஷத்தில் இடது காதில்தான் வைப்பார்.

"பொறு தங்கச்சி, மற்றக் காதுக்கு மாத்திறன்."

அவர் மாற்றுகிற அந்த ஒரு கணத்தில் ஒவ்வொரு தரமும் சொல்லிவிட நினைக்கிறேன், முதல் நாளே தெரியும் அண்ணா என்று. அதற்குள் அவர், "ஓம், இப்ப சொல்லு" என்பார். நான், "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்பேன்.