நான்கு சாக்கில் ஒரு கார்

எங்கள் வீட்டில் ஒரு காரைக் கெடுத்தவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. கெடுத்ததைவிட, அதை அத்தனை பொறுப்பாகச் செய்தேன் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

மும்பை தாராவியில் வாப்பாவுக்குப் பங்கார் தொழில். ஊரார் தூக்கி எறிந்த பழைய சாமான்களை வாங்கி, இரும்பு தனி, அலுமினியம் தனி, பித்தளை தனி, ரப்பர் தனி என்று பிரித்து விற்பது. பிரிக்கிற வேலை உம்மாவுக்கும் எனக்கும். ஒன்றில் இன்னொன்று கலந்திருந்தால் வியாபாரி முகம் சுளிப்பான் என்று, இரும்புத் துண்டில் ஒரு பித்தளைத் திருகு இருந்தால்கூடக் கழற்றி எடுத்துவிடுவோம். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒன்றும் ஏறாது. இதில் மட்டும் கெட்டிக்காரி என்று பெயர்.

உம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். மெக்கானிக். பங்காருக்கு வந்த ஒரு கிழட்டு டாக்ஸியை வாப்பாவிடம் கேட்டு வாங்கி, கோடவுன் வாசலில் நிறுத்தி, ஒரு மாதமாக அக்கு அக்காகக் கழற்றித் துடைத்தார். காரணம் இருந்தது. மாஹிமில் ஒரு சேட்டுக்கு ஷார்ஜாவில் பழைய கார்களைப் புதுப்பிக்கிற பட்டறை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வருவேன், வண்டி ஓடினால் உன்னைக் கூட்டிப்போகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாப்பாவுக்கும் பெருமைதான். உம்மா மட்டும் அந்தப் பேச்சை எடுத்தாலே அடுப்படிக்குப் போய்விடுவாள். அவளுடைய அண்ணனும் அந்தப் பக்கம் பிழைக்கப் போனவர். அங்கேயே மௌத்தாகி, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டார்.

கழற்றிய சாமான்களை மாமா கோணிகளின் மேல் வரிசையாகப் பரப்பியிருந்தார். இடது சக்கரத்துச் சாமான் இடது பக்கம், வலது வலது பக்கம். கடைசியாகக் கழற்றியது முதலில். இந்தக் காலத்துப் பிள்ளைகளாக இருந்தால் போனில் படம் எடுத்து வைத்திருப்பார்கள். மாமாவிடம் இருந்தது பட்டன் போன். அந்த வரிசையைத்தான் அவர் நம்பியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் மாமா குர்லாவில் இருக்கும் லேத் பட்டறைக்குப் போனார். வாப்பா சரக்கு ஏற்றப் போயிருந்தார். மழை பிடித்துக்கொண்டது. உம்மா வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"எல்லாம் நனையுதுட்டி. உள்ள கொண்டாந்து எப்பவும்போலப் பிரிச்சு வையி."

நான்கு சாக்குகளை விரித்து உட்கார்ந்தேன். கை தானாக ஓடியது. எஞ்சினுக்குப் பெட்ரோல் விடுகிற கார்புரேட்டரை எடுத்தபோது மட்டும் தயங்கினேன். உள்ளே பொடிப்பொடியாகப் பித்தளை. கழற்றவா என்று உம்மாவிடம் கேட்டேன். அவள் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"கழத்து" என்றாள்.

மத்தியானம் மாமா வந்தார். பாராட்டு வாங்கலாம் என்று நான் சாக்குகளுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றேன். அவர் வெறும் கோணிகளைப் பார்த்தார். பிறகு சாக்குகளைப் பார்த்தார். அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"யாரு லாத்தா இதப் பிரிச்சது?"

"நாந்தான் பிரிக்கச் சொன்னேன். மழ வந்துட்டு. அவ சின்னப்புள்ள, அவளுக்கு என்ன தெரியும்?"

மாமா அக்காவையே பார்த்தார்.

மூன்று நாள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. சாக்குகளைக் கொட்டி மாமா ஒவ்வொன்றாகப் பொருத்தினார். வாப்பா தன் வேலையை விட்டுவிட்டுக் கூட உட்கார்ந்தார். ஒரே மாதிரி இருபது ஸ்பிரிங்குகள். எது எந்தச் சக்கரத்தினுடையது என்று யாருக்குத் தெரியும்? நான் பித்தளைச் சாக்கைத் துழாவித் துழாவி எடுத்துக் கொடுத்தேன். கையில் எடுத்ததெல்லாம் தப்பாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை சேட் வந்தார். வெள்ளைச் சட்டையில் கறை படாமல் தள்ளி நின்றார். மாமா சாவியைத் திருகினார். வண்டி இருமியது. மறுபடியும் திருகினார். ஒரு நிமிஷம் கடகடவென்று ஓடியது. வாப்பா அல்ஹம்துலில்லாஹ் என்றார். அதற்குள் நின்றுவிட்டது. அதன் பிறகு எத்தனை தடவை திருகியும் சத்தம் வரவில்லை. சேட் மாமாவின் தோளில் தட்டி, வேறொரு பையன் கைவசம் இருக்கிறான், அடுத்த முறை பார்க்கலாம் என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

மாமா கோடவுன் படியில் உட்கார்ந்திருந்தார். உம்மா செம்பில் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து, சின்னப் பிள்ளைக்குக் கழுவுவதுபோல அவர் கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக் கிரீஸைப் போக்கினாள். கழுவக் கழுவ அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பிறகு அந்த ஈரக்கையோடு என்னை இழுத்து உச்சியில் முத்தினாள். தன் தம்பியின் பிழைப்பில் மண்ணைப் போட்டவளுக்கு எதற்கு முத்தம் என்று எனக்கு விளங்கவில்லை. அடி எப்போது விழும் என்று இரண்டு நாள் அவளுக்குப் பயந்துகொண்டே திரிந்தேன்.