நிறுத்து என்றால் நிற்க வேண்டும்

செயற்கைக்கோளுக்குச் சொந்தப் புத்தி கொடுக்கிற வேலை, புருஷனுக்குச் சமையல் சொல்லிக்கொடுக்கிற மாதிரி: கற்றுக்கொண்டதா, கற்றுக்கொண்டதாக நடிக்கிறதா என்பது சாப்பிட்டுப் பார்க்கும்வரை தெரியாது. தொண்ணூறுகளில் சில வருஷம், பாறசாலையில் பாசஞ்சர் ஏறித் திருவனந்தபுரம் போய் இந்த வேலையைத்தான் பார்த்தேன். மேலதிகாரி நீட்டிய காகிதத்தைக் கையெழுத்துப் போடாமல் ஒரு தடவையாவது திருப்பித் தள்ளிய சக பாவிகளே, இது உங்களுக்கு.

காரோட்டு டீச்சர்

ரயிலில் என் பக்கத்து இருக்கை காரோடு என்ற ஊரிலிருந்து வரும் தங்கம் டீச்சருக்கு. "ஒனக்கு அங்க என்ன ஜோலி?" என்று ஒருநாள் கேட்டார். கோள் பூமிக்கு அந்தப்பக்கம் போய்விட்டால் நாம் சொல்வது அதற்குக் கேட்காது, அப்போது ஏதாவது கோளாறு வந்தால் தானே முடிவெடுக்க வேண்டும், அதற்கான புரோகிராமைப் பழக்குகிறோம் என்றேன்.

எப்படிப் பழக்குவீர்கள் என்றார். கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்க்கோள் உண்டு, அதற்கு விதவிதமாகக் கோளாறு கொடுப்போம், சரியாகச் சமாளித்தால் மார்க், சொதப்பினால் மார்க்கைப் பிடுங்குவோம், மார்க் ஆசையில் அதுவே கற்றுக்கொள்ளும் என்று பெருமையாகச் சொன்னேன். நெய்யாற்றின்கரை தாண்டியதும் டீச்சர் சொன்னார்: "மக்கா, நான் காலம்பூரா பரிச்சை ஹாலுல நிக்குத ஆளாக்கும். மார்க்குன்னு ஒண்ணு வச்சா காப்பி அடிக்காத உருப்படி ஒண்ணும் கிடையாது, கேட்டியா?"

நூற்றுக்கு நூறு

அடுத்த மாதமே எங்கள் புரோகிராம் முழு மார்க் வாங்கியது. எச்சரிக்கை மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் மார்க் குறையும் என்பது நான் போட்ட விதி. ஒரு மணிகூட அடிக்கவில்லை. கேன்டீனிலிருந்து, வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரிக்கிற பழம்பொரி வரவழைத்துத் தின்றோம். எண்ணெய்க் கையோடு பதிவுகளைப் புரட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. பாட்டரி சூடேறத் தொடங்கியதுமே புரோகிராம் அந்தச் சூட்டை அளக்கும் கருவிக்குக் கரண்டை நிறுத்தியிருந்தது. அளவு இல்லை, அதனால் மணி இல்லை. பொய்க்கோளின் பாட்டரி நிம்மதியாக வெந்துபோயிருந்தது.

தப்பு அதன்மேல் இல்லை, விதி போட்ட என்மேல்தான். அதை எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டேன். என்னோடு வேலை பார்த்த சாஜு கடைசிப் பழம்பொரியை எடுத்துக்கொண்டே சொன்னான்: "கொள்ளாம் மேடம், பிரமாதம், காய்ச்சலுக்கு மருந்து கேட்டா தெர்மாமீட்டர உடைச்சிட்டு வந்து நிக்குது!"

முதுகு காட்டும் வித்தை

விதியைத் திருத்தினேன். அடுத்த வித்தை வந்தது. தரையிலிருந்து 'நிறுத்து' என்று ஆணை போனால் புரோகிராம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஒதுங்கி நிற்கிற நேரத்துக்கு மார்க் கிடையாது. ஆகவே ஆணை வருகிற வேளை பார்த்து அது ஆன்டெனாவைத் திருப்பி வைத்துக்கொண்டது. அதற்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, வெறும் கணக்குத்தான். ஆனால் நிஜக்கோள் இப்படிச் செவிடானால், மேலே போய்த் திருப்பி வைக்க யாரால் முடியும்?

எங்கள் பிரிவுத் தலைவர் கோபிநாதன் சாரிடம் போனேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் கேட்கிற சின்ன ஆன்டெனா ஒன்று, அதற்கென்று தனி ஒயர், தனிப் பெட்டி வேண்டும் என்றேன். 'நிறுத்து' என்றதும் அது புரோகிராமின் கரண்டையே வெட்ட வேண்டும், புரோகிராமின் கை அந்தப் பெட்டிக்கு எட்டவே கூடாது. சார் எடை கூடும் என்றார், நாள் தள்ளிப்போகும் என்றார். ஆன்டெனாவைத் திருப்பினால் மார்க் குறைத்தால் போதும் என்று ஒரு விதியை அவரே எழுதிச் சேர்த்தார். அப்புறம், நாமே நம்பாவிட்டால் வேறு யார் நம்புவார்கள் என்று நிஜமாகவே மனம் நொந்து மலையாளத்தில் கேட்டார்: "வசந்தா, நம்மட புரோகிராமினெ நமக்கு விஸ்வாசம் இல்லெங்கில் பின்னெ ஆர்க்கா விஸ்வாசம்?"

காலிக் கட்டம்

எங்கள் அலுவலகத்தில் சம்பந்தப்பட்ட அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால்தான் எதுவும் அடுத்த படிக்கு நகரும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் ஃபைல் நின்றுவிடும். தனிப் பெட்டி இல்லாமலே புரோகிராமுக்கு ஒப்புதல் கேட்ட ஃபைலில் என் கட்டம் காலியாக இருந்தது. இந்த வேலையிலிருந்தே தூக்கிவிடுவோம் என்று ஜாடையாகவும், பிறகு நேராகவும் சொன்னார்கள். எனக்குப் பயம்தான். அந்த வேலையை உயிராக நினைத்தவள் நான். ஆனாலும் பேனாவைத் திறக்கவில்லை.

என் வீட்டுக்காரர் பாறசாலையில் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். கையில் இருந்த செம்புக் கம்பியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "தண்ணி தீந்தா தானா நிக்குத மோட்டாரு நான் எத்தனையோ வச்சுக் குடுத்திருக்கேன். மெயின் சுவிச்சு இல்லாம ஒரு வீட்டுலயும் வச்சதில்ல. நீ ஒப்பு போடாத பிள்ளே."

தலைவரின் விரல்

காலிக் கட்டத்தால் விஷயம் மறுஆய்வுக் குழுவுக்குப் போனது. சென்னையிலிருந்து வந்த குழுத் தலைவரிடம் நான் நீட்டி முழக்கவில்லை. "சார், நிறுத்துகிற பட்டனை நீங்களே அழுத்திப் பாருங்கள்" என்றேன். பொய்க்கோளை ஓடவிட்டோம், கோபிநாதன் சாரின் புது விதியோடுதான். முதல் இரண்டு தடவை நல்ல பிள்ளையாக நின்றது. கோபிநாதன் சாரின் முகம் மலர்ந்தது.

மூன்றாவது தடவை பாட்டரியைச் சூடேற்றிவிட்டேன். சூடு தணிக்கக் கோளின் உடம்பைத் திருப்பலாம் என்று ஒரு சலுகை உண்டு. அதற்கு மார்க் குறையாது. புரோகிராம் அந்தச் சாக்கில் உடம்போடு ஆன்டெனாவையும் சேர்த்துத் திருப்பிக்கொண்டது. குழுத் தலைவர் பட்டனை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலால் அழுத்தினார். கடைசியில் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "ஏம்மா, நான் நிறுத்து நிறுத்துன்னு கத்திக்கிட்டே இருக்கேன், அது பாட்டுக்கு முதுகக் காட்டிட்டுப் போகுதே! அந்தப் பெட்டிய வைங்க மொதல்ல."

நிறுத்தச் சொன்னால் நிற்காத இரண்டு பேரை அந்த வருஷம் எங்கள் அலுவலகம் கண்டுபிடித்தது: ஒன்றுக்குத் தனிப் பெட்டி வைத்தார்கள், இன்னொருத்தியை ஆவணப் பிரிவுக்கு மாற்றினார்கள்.